நாற்பது நிமிடப் படகு

"நாப்பத்தாறு," என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த சமையலறைக் கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான் படகுக்காரன்.

"நேத்து நாப்பதுதானே?" என்றாள் கரையில் நின்ற மனைவி.

"நேத்து மோட்டார்ல பழைய விசிறி. இது புதுசு, பெருசு."

"பெருசு போட்டா வேகமாப் போகும்னு சொன்னீங்க."

"நான் சொல்லல. ரேஸ் சொன்னான்."

ரேஸ் என்பது மோட்டார் மெக்கானிக்கின் பட்டப்பெயர். ஒருமுறை பந்தயத்துக்காக ஒரு படகைத் தயார்செய்து கொடுத்தான். மற்ற எல்லாப் படகுகளுக்கும் முன்னால் அது மூழ்கியது. பெயர் மட்டும் மிதந்துகொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

எதிர்க்கரையில்தான் பெரிய ஆஸ்பத்திரி, மார்க்கெட், கல்லறை, பஸ் நிலையம் எல்லாம். முன்பெல்லாம் எதற்குப் போவதென்றாலும் இவனுடைய படகுதான். ஒரு கம்பெனி கண்ணாடி ஜன்னல் வைத்த லாஞ்சு விட்டதும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசி வாரத்தில் ஏறியது ஒரே ஒருவர். அவரும் லாஞ்சைத் தவறவிட்டவர்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கரையின் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. எதிர்க்கரைக்குப் படகு தேவை. படுத்த நிலையில் ஒருவர், உடன் ஒருவர், வாரத்துக்கு மூன்று நான்கு முறை.

ஆஸ்பத்திரி குமாஸ்தா நேரிலேயே படகைப் பார்க்க வந்தார். கூரையைத் தொட்டுப் பார்த்தார். மெத்தை தைத்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். "அக்கரைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"நாப்பது நிமிஷம் சார்."

"நாப்பதா?"

அவர் அதை ஃபைலில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படகுக்குப் போனார்.

அந்த இரண்டு கோடுதான் படகுக்காரனின் தூக்கத்தைக் கெடுத்தது. பொய்யாக இருபத்தைந்து என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"அவசரம்னு இதுல எங்கயும் எழுதலையே," என்றாள் மனைவி, கடிதத்தைத் திரும்பப் படித்துவிட்டு.

"படுத்துக்கிட்டு வர்ற ஆளுக்கு அவசரம் இல்லாம இருக்குமா? கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

இது கிடைக்காவிட்டால் மச்சானிடம் போக வேண்டும். மனைவியின் அண்ணனுக்கு மீன் பதப்படுத்தும் குளிர்க்கிடங்கு இருந்தது. போன மழைக்காலத்தில் படகு ஓடாதபோது அங்கேதான் பெட்டி தூக்கினான். இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி போனதுதான் மிச்சம். மச்சான் அன்று காலைகூட போன் செய்தார்.

"மாப்ள, திங்கக்கிழமையிலிருந்து ஒரு இடம் காலியா இருக்கு. இன்னும் எட்டு விரல் இருக்குல்ல?"

ரேஸ் மோட்டாரைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"விசிறி மேல தப்பு இல்ல தலைவரே. அதைச் சுத்த உங்க மோட்டாருக்குத் தெம்பு பத்தல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி விசிறி கையில இல்லையே. மோட்டார் ரொம்ப ஆழமா இறங்கியிருக்கு. ரெண்டு இஞ்சு தூக்கி மாட்டுவோம். தண்ணி பிடிச்சு இழுக்காது."

தூக்கி மாட்டினார்கள். தண்ணீர் பிடித்து இழுக்கவில்லை. ஏனென்றால் பாதி நேரம் விசிறி தண்ணீரிலேயே இல்லை. அலை வரும்போதெல்லாம் அது காற்றில் சுற்றி ஊளையிட்டது, படகு நின்ற இடத்தில் நின்றது. மோட்டாரைக் குளிர வைக்கும் தண்ணீரும் ஏறவில்லை.

நடுவழியில் நிறுத்தி மேல்மூடியைக் கழற்றினார்கள்.

"ஏதோ தீயற வாசனை வருதே," என்றான் ரேஸ். ஒயரை எல்லாம் முகர்ந்து பார்த்தான். பெட்ரோல் குழாயைப் பார்த்தான். ஐந்து நிமிடம் தேடினான்.

"தலைவரே, கையை எடுங்க."

சிலிண்டரின் மேல் படகுக்காரன் இடது கையை ஊன்றியிருந்தான். அந்த இரண்டு விரல்கள்தான்.

"வலிக்கலையா?"

"வலிச்சா எடுத்திருக்க மாட்டேனா?"

மனைவி கட்டுப்போட்டாள். வீட்டில் கடிகாரம் இல்லாததால் மகள் இரண்டு நாளாகப் பள்ளிக்குத் தாமதம். அதற்கும் சேர்த்து முடிச்சைக் கொஞ்சம் இறுக்கினாள்.

மறுநாள் மோட்டாரை ஒரு இஞ்சு இறக்கிவிட்டு, எடையைக் குறைத்தார்கள். பெஞ்சுகள் போயின. தரைப்பலகைகள் போயின. கூரையைக் கூலிக்குப் பதிலாக ரேஸ் தன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டான். எடை குறைந்த படகு, குதிரை மாதிரி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிரே வானம்தான் தெரிந்தது.

"முன்னாடி யாராவது உக்காரணும்," என்றான் ரேஸ்.

இருவரும் மனைவியைப் பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் கேட்டாரு, அந்த வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு," என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து நிமிடம். அவள் முழுக்க நனைந்திருந்தாள்.

"அஞ்சு நிமிஷத்துக்காடா என் கூரை?" என்றான் படகுக்காரன்.

வியாழக்கிழமை ரேஸ் கார்புரேட்டரைக் கழற்றினான். உள்ளே, இருமல் மாத்திரை அளவுக்கு ஓட்டை போட்ட ஒரு தகடு இருந்தது. ரேஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"பாத்தீங்களா? பெரிய மோட்டாரைச் செஞ்சு, மூச்சை அடைச்சு, சின்ன மோட்டார்னு வித்திருக்கான். பத்து வருஷமா இது வாயைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கு."

தகட்டை எடுத்தார்கள். பெட்ரோல் போகும் துளையைப் பெரிதாக்கினார்கள். புகைக்குழாயில் சத்தத்தை அடக்கும் பகுதியையும் வெட்டி எறிந்தார்கள். முதல் இழுப்பில் கரையிலிருந்த பறவைகள் அத்தனையும் கிளம்பின. இப்போது பெரிய விசிறிக்குத் தெம்பு வந்துவிட்டது.

இருபத்தொன்று.

படகுக்காரன் கடிகாரத்தை மூன்று முறை பார்த்தான். வீட்டுக்கு வந்து மச்சானுக்கு போன் செய்தான். "அந்த இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க மச்சான்," என்றான். காது அடைத்திருந்ததால் மச்சான் சொன்ன பதில் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குமாஸ்தா குடையும் ஃபைலுமாக வந்தார். பின்னாலேயே இரண்டு பணியாளர்கள், ஆள் நீளத்துக்கு ஒரு மணல் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து படகில் வைத்துவிட்டுப் போனார்கள்.

குமாஸ்தா அண்ணாந்து பார்த்தார். "இங்க ஒரு கூரை இருந்துச்சே?"

"எடுத்துட்டேன் சார். எடை."

"அந்த மெத்தை பெஞ்சு?"

"அதுவும் எடைதான்."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"மூட்டை மேலயே உக்காருங்க சார். படகு தூக்காம இருக்கும்."

"இது மேலயா?" குமாஸ்தாவின் முகம் போன போக்கைப் படகுக்காரன் கவனிக்கவில்லை. அவர் மூட்டைக்குப் பக்கத்தில், ஈரத்தில் குந்தினார்.

படகு கிளம்பியது. குமாஸ்தா ஏதோ சொன்னார். மோட்டார் சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரிந்தது. கையை ஆட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து இவன் இன்னும் முறுக்கினான். முதல் பெரிய அலையில் குடை போயிற்று. இரண்டாவதில் மூட்டை ஒரு முழம் எழும்பி விழுந்தது. மூன்றாவதில் அது வெளியே போகப் பார்த்தது. குமாஸ்தா ஃபைலைப் பல்லில் கடித்துக்கொண்டு மூட்டையின் மேல் விழுந்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். மீதி வழி முழுக்க அப்படியே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரித் துறையைப் பார்த்து இவன் திருப்பியபோது, குமாஸ்தா தலையைத் தூக்கி வலதுபக்கம் கை காட்டினார். மரங்களுக்கு நடுவே சின்னக் கல்படி ஒன்று இருந்தது. பின்வாசல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அங்கேயே கட்டினான்.

"பத்தொம்பது சார்," என்றான்.

குமாஸ்தா மூட்டையை விட்டு எழுந்து, கண்ணாடியைத் துடைக்கப் பார்த்தார். அதற்கு நனையாத துணி அவரிடம் எதுவும் இல்லை.

"நாப்பது நிமிஷம்னு சொன்னீங்களே."

"அது அப்ப சார். இப்ப பாதி நேரம்தான்."

"நாப்பதுன்னு சொன்னதாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவர் ஃபைலைத் திறந்தார். மற்ற படகுகளின் பெயருக்கு நேரே இருபது, இருபத்திரண்டு என்று எழுதி எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. நாற்பதின் கீழே இரண்டு கோடுகள் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன.

"எனக்குப் புரியல சார். மூச்சுத் திணறுற ஆளை வச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் எப்படி..."

மூட்டையை இறக்கப் படியில் ஒருவர் வந்து நின்றார். முழங்கால் வரை மண். மோட்டாரிலிருந்து இன்னும் கிளம்பிக்கொண்டிருந்த புகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்பா இந்த அலறல்? நான் புதைச்ச ஆளுங்கள்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் லேட்டாயிடுச்சுன்னு கோவிச்சுக்கிட்டதில்லையே."