வெள்ளை மொட்டைமாடி

"ஐநூறு யூனிட்டைத் தாண்டிடுச்சு ரத்னா!"

கைப்பேசியில் வந்திருந்த கரண்ட் பில்லைப் பார்த்து நரசிம்மன் மனைவியிடம் அலறினார். ஒரகடத்துத் தொழிற்சாலையில் மின்சாரத்தை மிச்சம் பிடித்துப் பரிசு வாங்கிய மனிதர். சொந்த வீட்டிலேயே மானம் போகிறதே!

அந்த ஞாயிற்றுக்கிழமையே படப்பை வீட்டு மொட்டைமாடி முழுக்க, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தார். சித்திரை வெயிலிலும் வீடு குளுகுளுவென்று ஆனது.

மறுநாள் எதிர் வீட்டு சாலமோன் தலையணையோடு வந்து நின்றான். அவனுக்கு நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம்.

"சார், ஏசி போட்டாலும் எங்க வூட்டு ஷீட்டு கூரை கொதிக்குது. ஓரமா படுத்துக்கவா?"

"அதுக்கின்னாப்பா, படு," என்றாள் ரத்னா.

அவனுக்காகப் பகலெல்லாம் மின்விசிறி ஓடியது. நரசிம்மன் யோசித்து, கரண்ட் கம்மியாக இழுக்கும் புது மின்விசிறி மாட்டினார். அது சத்தமே போடவில்லை. உடனே சாலமோனின் மனைவி கிரேசி, டியூஷன் பிள்ளைகளோடு வந்துவிட்டாள்.

ஜன்னல் வழியாக வரும் சூட்டைத் தடுக்கக் கனமான திரை போட்டார். ஹால் இருட்டியது, பிள்ளைகளுக்கு டியூப்லைட் எரிந்தது.

"அக்கா, இங்கயே இருக்கறதால மாவையும் இங்கயே அரைச்சிக்கிறேன்," என்றாள் கிரேசி.

மாதம் முடிவதற்குள் எதிர்ச்சாரி மொத்தமும் அவர் ஹாலில் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவு மூடவே இல்லை.

"நாளையிலேர்ந்து வராதீங்கன்னு சொல்லேன்."

"நீங்களே சொல்லுங்க."

விறைப்பாக ஹாலுக்குப் போனார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிவந்த கண்ணோடே திரிந்த சாலமோன், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் அவனுக்காக உதட்டை மட்டும் அசைத்து வாய்ப்பாடு படித்தார்கள். நரசிம்மன் மின்விசிறியை இன்னொரு புள்ளி கூட்டிவிட்டுத் திரும்பினார்.

"சொல்லிட்டீங்களா?"

"வேர்த்துக் கொட்டுது அவனுக்கு."

அடுத்த முறை ரீடிங் எடுக்க வந்த சத்யப்பிரியாவை வாசலிலேயே மடக்கினார்.

"இவ்ளோ மிச்சம் பிடிச்சும் போன தடவைய விட ஏறிக்கீதே! மீட்டர் கெட்டுப்போச்சாம்மா?"

"உங்க மீட்டரு நல்லாத்தான் கீது சார். எதிர்ச்சாரியிலதான் இன்னாவோ ஆயிடுச்சு. எட்டு வூட்லயும் யூனிட்டு பாதிக்கு மேல கொறஞ்சிக்கீது, ஒரு ஏசியும் ஓடல, எல்லாம் பூட்டிக்கீது. அத்தினி பேரும் ஊரக் காலி பண்ணிட்டாங்களா சார்?"