திருத்தினால் இரண்டு கேள்வி

மண்ணூர்
6-10-91, ஞாயிறு

என் தங்கை சுந்தராம்பாளைக் கண்கலங்காமல் வைத்திருக்கும் வாலாஜாபாத் மாப்பிள்ளை நாகப்பன் அவர்களுக்கு, மைத்துனன் பலராமன் வணக்கத்துடன் எழுதுவது. வல்லக்கோட்டை முருகன் தயவில் இங்கு அனைவரும் நலம், என் ஒருவனைத் தவிர. அதற்குக் காரணம் நீங்கள். கோபத்தில் எழுதவில்லை; இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வயர் கம்பெனி மேனேஜர் முன்னால் எனக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அதை வாலாஜாபாத் முழுக்கச் சொன்னதே நீங்கள்தான். என் மகள் மஞ்சுளாவும் ஊர்ப்பெண்கள் பதின்மூன்று பேரும் காலை ஷிஃப்டுக்கு இரண்டு மைல் நடந்துபோய் டிரங்க் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அதே பஸ் ஷெட்டிலிருந்து கிளம்பி எங்கள் ஏரிக்கரை வழியாகத்தான் காலியாக வருகிறது, இவர்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகிறது, நிற்பதில்லை. டிரைவரைக் கேட்டால் ஆர்டர் இல்லை என்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்று, கடித மாதிரிப் புத்தகம் ஒன்றை அட்டை கிழியப் படித்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன் நான்; கலெக்டர் வரை நாற்பத்தொரு மனு எழுதியவன். அன்றும் நான்கு பக்க மனுவோடுதான் போனேன். அந்த வடநாட்டு மேனேஜர் அதை ஓரமாக வைத்துவிட்டு, வாயால் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். மாப்பிள்ளை, என் இங்கிலீஷ் முழுவதும் விரலில் இருந்தது, நாக்கில் ஒரு சொட்டுகூட இல்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்தேன், கும்பிட்டேன், வந்துவிட்டேன். எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். அத்தோடு சரி. அந்த வாரக் கடைசியில் அவர் பூனாவுக்கு மாற்றலாகிப் போகிறார், வரப்போகிறவர் எப்படிப்பட்டவரோ.

அதற்குத்தான் உங்கள் பேச்சைக் கேட்டு, மாதா கோயில் ஹாலில் அமலா டீச்சர் சாயங்காலம் நடத்தும் இங்கிலீஷ் பேச்சு வகுப்பில், அறுபத்திரண்டு வயதில், முழங்கால் இடிக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே இலக்கணம் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. அவரவருக்குப் பிடித்ததைப் பற்றி எழுந்து நின்று பேச வேண்டுமாம். அதே வயர் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் லோகேஷ் தன் புறாக்களைப் பற்றிப் பேசினான். கேன்டீனில் சமைக்கும் சின்னப்பொண்ணு முந்நூறு பேருக்குச் சாம்பார் வைப்பது எப்படி என்று, பாதி இங்கிலீஷிலும் பாதி கரண்டி பிடிக்கும் கையாலும் சொன்னாள். பதினேழு பிழை. ஹாலே கைதட்டியது. இதைவிட அநியாயம், அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: ஒருவர் பேசும்போது யாரும் திருத்தக் கூடாது. மீறித் திருத்தினால், அதற்குத் தண்டனையாக அவர் பேசியதைப் பற்றியே இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பிழையைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவன் ஒரு மனிதனா? ஆகவே நான் தினமும் தண்டனை அனுபவித்தேன். புறா என்ன தின்னும், விற்றாலும் ஏன் பழைய வீட்டுக்கே வருகிறது என்றெல்லாம் கேட்டேன். ஒருநாள் அவசரத்தில், கீழே கையொப்பமிட்டிருக்கும் நான் மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்வது என்று ஆரம்பித்துவிட்டேன். லோகேஷ், "பெரீப்பா, புறாவுக்கே மனு போட்டுக்கினு கீறீங்களே" என்றான்.

இதுவாவது போகட்டும். வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. எனக்குப் பிடித்தது ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் விடவில்லை.

"சும்மா இருக்கும்போது என்ன செய்வீங்க ஐயா?"

"மனு எழுதுவேன்."

"அதையே சொல்லுங்களேன்."

எழுந்தேன். தபால் பெட்டி கேட்டு எழுதிய முதல் மனுவில் ஆரம்பித்தேன். நாற்பத்தொன்றில் எத்தனை பலித்தது என்று சின்னப்பொண்ணு இங்கிலீஷில் கேட்டாள். இரண்டு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதா? பலிக்காத முப்பத்தொன்பதையும் தேதிவாரியாக எடுத்து வைத்தேன். எந்த ஆபீசில் எந்தக் கிளார்க் எந்த டிராயரில் போட்டுப் பூட்டினான் என்பது வரை சொன்னேன். ஏரிக்கரை பஸ்ஸுக்கு வந்தபோது பெஞ்சைக் குத்தினேன். கோயில் மணி அடித்தது, நான் நிறுத்தவில்லை. உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், நாற்பது நிமிடம் போயிருக்கிறது, நடுவில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே, பிடித்தது ஒன்றுமில்லை என்றீர்களே என்று கேட்டார். அதாவது, குறை சொல்வதுதான் என் பொழுதுபோக்கு என்று ஊர் முன்னால் ஆக்கிவிட்டார். சின்னப்பொண்ணு வேறு, "அண்ணாத்தே, கோவம் வந்தா உனக்கு இங்கிலீசு தண்ணியா வருது. செவ்வாக்கெயம அந்தாளாண்ட போயி இதே மாதிரி கோவப்படு" என்று யோசனை சொல்கிறாள். நாற்பது வருடமாக மரியாதையாக மனு எழுதியவனிடம்.

ஆகவே சனிக்கிழமை பன்னிரண்டாம் தேதி தாங்கள் தவறாமல் வந்து, டீச்சரிடம் பேசி, என் பெயரை அடித்துவிட வேண்டியது. சேர்த்துவிட்டவர்தான் எடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் நாற்பத்திரண்டாவது மனுவை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்புவேன். அதில் ஒரு பிழை கிடையாது.

சுந்தராம்பாளுக்கு என் ஆசிகள். அவள் முழங்கால் வலி இறங்கட்டும், உங்கள் மிளகாய் மண்டியில் வியாபாரம் ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்களால் மானம் கெட்டாலும் உங்கள் நலமே விரும்பும்
பலராமன்

பின்குறிப்பு, 10-10-91, வியாழன்: கடிதம் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை மேனேஜர் மனுவை வழக்கம்போல் ஓரமாக வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடம் அவர் என் வார்த்தை ஒன்றைத் திருத்தினார். நான் கையைக் காட்டி நிறுத்தி, எங்கள் வகுப்பில் திருத்துகிறவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும், கேளுங்கள் என்றேன். பேனாவைத் திறந்தார். பிறகு கேட்டார்: எத்தனை பெண்கள்? பஸ் எங்கே நிற்க வேண்டும்? இரண்டுக்கும் பதில் சொன்னேன். போனை எடுத்தார். இன்று காலை ஏரி மதகடியில் பஸ் நின்றது. மஞ்சுளா முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கி எழுந்து, புழுதி படாத சேலையோடு ஏறிப் போனாள்.

சனிக்கிழமை நீங்கள் எதற்கும் வர வேண்டாம். அன்று வகுப்பில் மேனேஜரைப் பற்றி நான் பேசுகிறேன், அதிக நேரம் ஆகும். வந்தே தீருவேன் என்றால் பின்பெஞ்சில் உட்காருங்கள், ஆனால் என்னைத் திருத்தாதீர்கள். சட்டம் மைத்துனனுக்கும் ஒன்றுதான், மாப்பிள்ளைக்கும் ஒன்றுதான்.