காலையில் இங்கேதான் இருந்தது

கல் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிய மாஸ்டருக்கு ஒரு காய்ந்த இலையும், யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கமும்தான் கிடைத்தன. டப்பாவைக் காணோம்.

“கிடைச்சுதாங்க?” என்றாள் மனைவி, பின்னால் நின்றபடி.

“இரு, இரு. இங்கதான் இருக்கணும்.”

இருக்கணும் என்ன, இருந்தது! காலையில் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாரே! ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் குடித்தனமே போச்சு.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். டெஸ்ட் நடக்கும் தெருவை முன்கூட்டியே தனியாகப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவது அவருடைய தொழில் ரகசியம். கெட்ட காலம், அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதென்றால்கூட, முந்தின காட்சியைத் தான் மட்டும் பார்த்துவிட்டு வந்து, “இடைவேளைக்கு அப்புறம் ஒரே அழுகை. கைக்குட்டை எடுத்துக்கோ” என்பார்.

எத்தனை நாள்தான் அவளும் பொறுப்பாள்?

“நான் உங்க பொண்டாட்டியா, உங்ககிட்ட டிரைவிங் கத்துக்க வந்தவளா? எதையாவது முதல் தடவையா என்கூடச் சேர்ந்து பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டாள். கேட்டதோடு பெட்டியும் கட்டிவிட்டாள். பெரியண்ணன் வீட்டுக்கு இன்று சாயங்கால பஸ். போவதற்கு டிக்கெட் இருக்கிறது. வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நடுவில் புகுந்தவன் மச்சினன். போனைக் கையில் வைத்துக்கொண்டு புதையல் தேடும் விளையாட்டில் பைத்தியமாகத் திரிபவன். பூங்காவில் நாலு டப்பாக்களை ஒளித்து வைத்திருந்தான். முதல் இடத்தைப் போன் காட்டும். அங்கிருக்கும் டப்பாவுக்குள் சில எண்கள். அவற்றைப் போனில் தட்டினால் அடுத்த இடம். இப்படியே கடைசி வரை.

“அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து இதை முடிங்க. முடியலைன்னா நானே வந்து உன்னை பஸ் ஏத்தி விடறேன்” என்றான் அவன். அவளும் தலையாட்டிவிட்டாள்.

டெஸ்ட் என்று தெரிந்தபின் மாஸ்டருக்குத் தூக்கம் பிடிக்குமா? பொழுது விடிந்ததும் “பால் வாங்கிட்டு வரேன்” என்று நழுவியவர், நாலு டப்பாவையும் தேடிக் கண்டுபிடித்து, இருந்தபடியே வைத்துவிட்டு, பாலை மறந்துவிட்டு வீடு திரும்பினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தானே பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினாள். வர நேரமாகிவிட்டது. கடையில் கூட்டமாம்.

அந்தச் சாமர்த்தியமெல்லாம் இப்போது பெஞ்சுக்கு அடியில் மண்ணாய்ப் போனது.

செடி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன, மறுபடியும் வந்தாச்சா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

மாஸ்டருக்கு இருமல் வந்தது. அப்படியொரு இருமல்! நல்ல வேளை, மனைவி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது.

“வா, வா, அந்தப் பெரிய மரத்துக்கிட்டப் போகலாம்.”

“முதல் டப்பாவே கிடைக்கலை. ரெண்டாவது டப்பா மரத்துக்கிட்டன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு… அனுபவம்தான்.”

அனுபவம் மரப்பொந்துக்குள் கையை விட்டது. டப்பா இல்லை, எறும்பு இருந்தது. முழங்கை வரைக்கும் இருந்தது. மாஸ்டர் கையை உதறிக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, ஊஞ்சலில் இருந்த குழந்தைகள் இறங்கி வந்து கை தட்டின.

“தண்ணி ஊத்திக் கழுவுங்க” என்றாள் மனைவி.

அதுவும் நல்லதுதான் என்று நினைத்தார் மாஸ்டர். மூன்றாவது டப்பா குழாய்க்குப் பின்னால்தானே! கழுவுகிற சாக்கில் பின்னால் துழாவியபோது குழாயின் திருகு கையோடு வந்தது. சட்டை, பேன்ட், போன் எல்லாம் குளித்தன. டப்பா அங்கேயும் இல்லை.

ஈரப் போனைத் துடைத்து மச்சினனைக் கூப்பிட்டார்.

“எல்லாம் வெச்ச இடத்துலதான் இருக்கும் மாமா. அக்காவைக் கேட்டுப் பாருங்களேன்.”

“அவளைக் கேக்கவா? வெச்சது நீடா!”

போன் ஒரு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கதி கலங்கினால் கால் தானாகவே அதைத் தேடும். புல்தரையில் எந்தப் பிரேக் இருக்கிறது?

பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாலாவது டப்பாவையாவது காட்டியாக வேண்டும். “ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்” என்று வாசல் கடைக்கு ஓடினார். ஒரு புதினா மிட்டாய் டப்பா வாங்கினார். மிட்டாய்களைக் கொட்ட இடமில்லாமல் மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். காலி டப்பாவைப் புதருக்குள் செருகிவிட்டு, “கிடைச்சுது! கிடைச்சுது!” என்று கத்தினார். மிட்டாய் அடைத்த வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது.

மனைவி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அவருடைய உப்பிய கன்னத்தைப் பார்த்தாள்.

“மென்னு முழுங்குங்க. விக்கிக்கப் போகுது” என்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நான் கிளம்பறேங்க.”

மாஸ்டர் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எறும்பு கடித்த கை எரிந்தது, நனைந்த சட்டை குளிர்ந்தது, புதினா மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீராக வழிந்தது. அது புதினாவால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. அவள் இல்லாத வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது? அந்த வழியை அவர் ஒருநாளும் போய்ப் பார்த்துவைக்கவில்லை.

“எனக்குத் தெரியலை” என்றார்.

அவள் நின்றாள். “என்ன சொன்னீங்க?”

“எங்க தேடறதுன்னு எனக்குத் தெரியலை. எந்தப் பக்கம் போறதுன்னும் தெரியலை. நீ சொல்லு. நான் பின்னாலயே வரேன்.”

கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத வார்த்தை. அவள் கையை நீட்டித் தூக்கிவிட்டாள்.

“முதல்லேருந்து தேடுவோம். வாங்க.”

தேடினார்கள். அவளுடைய போன் பெஞ்சைத்தான் காட்டியது. மாஸ்டர் பெஞ்சுக்கு அடியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தின் பின்னால் எட்டிப் பார்த்தார். இருந்தது! குழந்தை மாதிரிக் குதித்தார். அவள் எண்களைப் படிக்க, இவர் தட்டினார். இரண்டாவது டப்பா, அந்தப் பெரிய மரத்தின் வேருக்கு அடியில். மூன்றாவதற்காக இருவரும் மண்டியிட்டுத் தேடும்போது தலையோடு தலை முட்டிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

நாலாவது டப்பாவைத் திறந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. உள்ளே ஒரு விசிலும், ஒரு பொம்மைக் காரும் இருந்தன. எதையாவது எடுத்தால், பதிலுக்குத் தன்னுடையது ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். அதுதான் இந்த விளையாட்டின் சட்டம். மனைவி விசிலை எடுத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து உள்ளே வைத்தாள்.

காலையில் திருட்டுத்தனமாக வந்ததை இப்போதே சொல்லிவிடலாமா என்று மாஸ்டர் வாயெடுத்தார். வேண்டாம், நல்லபடியாக முடிந்ததைக் கெடுப்பானேன் என்று மூடிக்கொண்டார். கையைக் கோத்துக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

கதவைப் பூட்ட வந்த தோட்டக்காரர் ஆசையாக விசாரித்தார்:

“என்னம்மா, காலையில சார் வந்து பார்த்துட்டுப் போனதும், பால் பாக்கெட்டும் கையுமா வந்து ஒண்ணு விடாம இடம் மாத்தி வெச்சீங்களே, அதெல்லாம் சார் கண்டுபிடிச்சுட்டாரா?”