கொட்டாங்குச்சி அண்ணனும் குலுங்கிய சுரங்கமும்

ஜப்பான்காரன் காலத்தில் என்னை அதிகம் வதைத்தது ஜப்பான்காரன் அல்ல, கொட்டாங்குச்சி அண்ணன்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னை, கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஆள் பெயர் எழுத அனுப்பியிருந்தார்கள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. படுத்தால் எழ மனம் வராது. அண்ணனுக்கு மட்டும் அந்தச் சோர்வே கிடையாது. சுரங்கக் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுப்பது அவர் வேலை. அது முடிந்ததும் சுரங்கத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இருந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுவார். ஒவ்வொன்றிலும் சாம்பலைப் பரப்பி, நடுவே ஒரு கொட்டாங்குச்சியை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுவார்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"தரை குலுங்கினா, எதனாலன்னு தண்ணி சொல்லிடும் தம்பி. வெடி மண்ணை வெளியே தள்ளும். தண்ணி சுரங்கத்துப் பக்கம் சிந்தும். உள்ளே கூரை விழுந்தா மண்ணை இழுக்கும். தண்ணி எதிர்ப்பக்கம் சிந்தும். சுமத்ராவுல நிலநடுக்கம்னா நாலு லயத்துலயும் ஒரே திசைதான். புரியுதா?"

"பசிக்குதுண்ணே."

"கோழி குடிச்சிட்டுப் போயிருச்சுலா!" என்று ஒரு அக்கா கத்தினார். மறுநாளே நான்கின் மேலும் கூடை கவிழ்த்துவிட்டார் அண்ணன்.

ஒரு விடுமுறை நாள், நடுப்பகலில் தரை தடதடவென்று குலுங்கியது. சுரங்கத்தில் யாருமில்லை, ஆனால் பாதை அடைபட்டுவிட்டது. ஜப்பானிய அதிகாரி, வெடிமருந்துக் கொட்டகை ஆட்கள் மூவரை இழுத்துவந்து வெயிலில் மண்டியிட வைத்தார். வேண்டுமென்றே வெடி வைத்தார்களாம். மாலையில் லோரி வரும், கோலாலம்பூருக்குக் கொண்டுபோகும். அப்படிப் போன எவரும் திரும்பியதில்லை. ஒருவனின் மனைவி அழவும் தெம்பில்லாமல் நின்றாள்.

நான்கு லயங்களிலும் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அண்ணன் நேராக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். அரைகுறை ஜப்பானிய மொழி தெரிந்த பாவத்துக்கு நானும் உள்ளே இருந்தேன்.

"இது வெடி இல்லைன்னு சொல்லு தம்பி."

"உங்களையும் லோரியில ஏத்திடுவான்ணே."

"சொல்லுலா!"

சொன்னேன். எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். கொட்டாங்குச்சிக் கணக்கைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. அவர் முன்னால் ஒரு தட்டில் தேநீர்க் கோப்பை நிரம்பியிருந்தது. அண்ணன் தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார். தேநீர் அந்தப் பக்கம் கவிழ்ந்து அதிகாரியின் கால்சட்டையில் கொட்டியது.

அதிகாரி இரண்டு அறை விட்டார். அண்ணன் சுவரோரம் போய் விழுந்தார். எழுந்தார்.

"பாத்தாரா? இங்க இழுத்தேன், அங்க சிந்துச்சு. அதையும் சொல்லு."

நனைந்த கால்சட்டையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, எழுந்து வெளியே நடந்தார். நான்கு லயங்களிலும் கூடைகளைத் தூக்கிப் பார்த்தார். நான்கிலும் சுரங்கத்துக்கு எதிர்ப்பக்கச் சாம்பல்தான் நனைந்திருந்தது. கூரைதான் விழுந்திருக்கிறது. மூவரையும் போகச் சொல்லிக் கையசைத்தார். மன்னிப்பெல்லாம் கிடையாது.

அண்ணனின் தாடை வீங்கிப்போனது, மெல்ல முடியவில்லை. கிழங்கை மசித்துக் கஞ்சியாக்கி ஊட்டினேன்.

"எட்டு எடத்துல வெச்சா இன்னும் சரியாத் தெரியும் தம்பி..."

"பேசாதீங்கண்ணே, வலிக்கும்."

அவர் பேசிக்கொண்டே போனார். நான் அடுத்த கரண்டியை அள்ளி வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.