புகைவாங்கியும் எங்கள் வீட்டு எடைக்கல்லும்

புகைவாங்கி ஐயாவின் கூடத்துக்கு டயர் கடையின் மாடிப்படி வழியாகத்தான் ஏற வேண்டும். கடை திறக்கும் முன்பே வரிசை படியில் தொடங்கித் தெருமுனையைத் தொட்டுவிடும். கஞ்சாவில் மாட்டிய மகனை இழுத்துக்கொண்டு அம்மா, கணவனை இழுத்துக்கொண்டு மனைவி. ஐயா யாரையும் தொட மாட்டார். எதிரே உட்காரவைத்து ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். நோயாளிக்குள் இருந்த புகைப்பேய் அவருக்குள் போய்விடும். ஊரார் புகையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதால் அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். என்ன தியாகம்!

பேய் போன பிறகும் மிச்சம் இருக்குமாம். அதைக் கரைக்கப் பச்சை உருண்டை. மகனை விட்ட பேய் அம்மாவைப் பிடிக்கும் என்பதால் அம்மாவுக்கும் ஒரு காப்பு உருண்டை. பேய்க்குக் குடும்பப் பாசம் அதிகம். ஐயாவின் வியாபாரமும் அப்படியே வீடு வீடாக வளர்ந்தது.

என் தம்பி இரும்பாலையில் கிரேன் ஓட்டுபவன். ஆலைச் சோதனையில் அவன் சிறுநீரில் கஞ்சா தெரிந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அடுத்த சோதனையிலும் தெரிந்தால் ஒரேயடியாக வீட்டுக்கு. ஆலையைக் குறை சொல்ல முடியாது. தலைக்கு மேல் இரும்புத் தூண் தொங்கும்போது, அதைத் தூக்குகிறவன் போதையில் மிதந்துகொண்டிருந்தால் கீழே நிற்பவன் கதி என்ன?

அம்மா அவனைப் புகைவாங்கியிடம் கூட்டிப்போனார். அன்றோடு தம்பி புகைப்பதை விட்டுவிட்டான். உருண்டையை விழுங்கினான். சுகமாகத் தூங்கினான். தட்டு தட்டாகச் சாப்பிட்டான். அம்மாவும் தன் காப்பு உருண்டையைத் தவறாமல் விழுங்கினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, என் பையன் குணமாயிட்டான்!" என்றார் அம்மா.

என் வீட்டுக்காரர் கடைத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். வாய் சும்மா இருக்காது. "அதான் அத்தை எனக்குச் சந்தேகம். முன்னாடியும் இப்படித்தான் தூங்கினான், இப்படித்தான் தின்னான். என்ன குணமாச்சு?"

மருந்துக் கடையில் சோதனைப் பட்டை வாங்கிவந்தார். சிறுநீரில் நனைத்து, இரண்டு கோடு வந்தால் கஞ்சா இல்லை. ஒரே கோடு என்றால் இருக்கிறது. தம்பிக்கு ஒரே கோடு.

"மாமா, சத்தியமா நான் தொடவே இல்ல!" தம்பி அழுதேவிட்டான்.

அம்மா ஐயாவிடம் ஓடினார். ஐயா சிரித்தார். "பழைய புகை வெளிய வருதும்மா. வெளிய வந்தாத்தானே தெரியும்? உருண்டையைக் கூட்டிக் கொடு."

கெட்டிக்காரப் பதில். கஞ்சா பல நாள் உடம்பில் தங்கும் என்பது உண்மைதான். ஆக, புகைத்தவனைச் சோதித்து ஐயாவை மடக்க முடியாது. என் வீட்டுக்காரர் யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே அம்மா தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மழை வரும்கிறான். அதுல என்ன சிரிப்பு?"

"அந்தக் குடையைப் பாருங்க மாப்பிள்ளை…" அம்மாவால் மேலே பேச முடியவில்லை.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "தராசு பொய் சொல்லுதான்னு எப்படிடி கண்டுபிடிப்பேன்? எடை தெரிஞ்ச கல்லைத் தூக்கி வைப்பேன். கல்லு நம்ம வீட்டுலயே இருக்கு."

வாராந்திரக் கூட்டத்துக்கு எல்லாரும் போனோம். கூடம் நிரம்பி வழிந்தது. அவர் எழுந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம். எங்க அத்தை பீடி வாசனை வந்தாலே தெருவை மாத்திப் போறவங்க. இவங்க உடம்புல பழைய புகை இருக்குமா?"

ஐயா அம்மாவைக் கனிவோடு பார்த்தார். "இந்தத் தாயா? கண்ணாடி மாதிரி சுத்தம்! காப்பு வேற இருக்கு. பேய் நெருங்குமா?"

கூட்டம் கைதட்டியது. அம்மா பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பிலேயே, என் வீட்டுக்காரர் நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டு என்னோடு கழிவறைக்கு வந்தார், நிரப்பிக்கொண்டு திரும்பினார். பட்டையை என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

ஒரே கோடு.

"அப்ப… நான் இத்தனை நாளா கஞ்சா அடிச்சேனா?"

"அடிக்கல அத்தை. முழுங்கினீங்க."

"பேய் தாவிடுச்சு!" என்று ஐயா கத்தினார்.

"அதுக்குத்தானே காப்பு குடுத்தீங்க?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எங்கள் தெருத் தையல்காரம்மா. "நானும் வாங்கினேன், கசக்குதுன்னு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். எனக்கும் பாருங்க."

அவருக்கு இரண்டு கோடு. உருண்டை தின்ற மற்ற அம்மாக்களுக்கு வரிசையாக ஒரே கோடு. ஐயாவின் முன்னால் இருந்த வரிசை அப்படியே கழிவறை வாசலுக்கு இடம்பெயர்ந்தது.

"ஐயா, நீங்களும் ஒரு கோப்பை?" என்று மரியாதையாகவே கேட்டார் என் வீட்டுக்காரர்.

ஐயா எழுந்தார். மாடிப்படியில் அவர் இறங்கிய வேகத்துக்கு எந்தப் பேயும் ஈடுகொடுத்திருக்காது. டயர் கடைக்காரர்கள் பிடித்து வைத்தார்கள். பின்னறையில் உருண்டை பிடிக்கும் மாவும், மாவில் கலக்கும் இலையும் மூட்டையாக இருந்தன. கஞ்சாவை விரட்டக் கஞ்சா. உருண்டையை நிறுத்தினால் தூக்கம் போகும், எரிச்சல் வரும். பேய் திரும்பிவிட்டது என்று மறுபடி ஓடிவருவார்கள்.

தம்பியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் மூச்சு எதையும் இழுக்கவில்லை. ஆலையில் பேசி அவகாசமும், அதுவரை கிரேனில் ஏறாமல் தரையில் ஒரு வேலையும் வாங்கித் தந்தார். "பேயும் இல்ல, கெட்ட புத்தியும் இல்ல. பழகின மூளை கேக்குது. எப்பல்லாம் கேக்குதுன்னு சொல்லு" என்றார்.

"வேலை முடிஞ்சு கிரேன்ல இருந்து இறங்கினதும் டாக்டர். மேல தனியா இருந்துட்டு, கீழ வந்தா கூட்டாளிங்க அதோட நிப்பாங்க."

அங்கிருந்துதான் சிகிச்சை தொடங்கியது. தூக்கம் வராது, வியர்க்கும், கோபம் வரும், அது கொஞ்ச நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லிவைத்தார்கள். வாராவாரம் உட்கார்ந்து பேசவைத்தார்கள். வேலை முடியும் நேரத்துக்கு என் வீட்டுக்காரர் ஆலை வாசலில் போய் நிற்பது என்று ஏற்பாடு. நடுவே ஒருமுறை தம்பி சறுக்கினான். மருத்துவர் திட்டாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கடைசியில் ஆலைச் சோதனையில் இரண்டு கோடு. அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் அழுதார். தூசி என்று என்னிடம் சாதித்தார்.

அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. பாடையைத் தூக்கிச் சென்ற நால்வரில் முன்னால் நின்றவன் தம்பி. அவருடைய எடைக்கல் என் மேசைமேல் இருக்கிறது, காகிதங்கள் பறக்காமல்.

இப்போது அதே மாடிக்குக் குடிப்பேயை எண்ணெயில் இறக்குகிறவர் ஒருவர் வந்திருக்கிறாராம். வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறதாம். போகிறவர்கள் போங்கள். செருப்பை வாசலில் விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். மூளையைக் கையோடு கொண்டுபோங்கள்.