நூறடிக்குள் கோழி கூடாது

இந்தத் தேர்தலில் எவர் ஜெயித்தாலும் சரி, தோற்பது கோழியாகத்தான் இருக்க வேண்டும் என்று டைம்கீப்பர் முடிவு கட்டினார்.

பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் ஐம்பது பேரை ஏற்றிய பஸ் நகரும். கையை நீட்டினால் நிற்கும். வீட்டில் அவர் பேச்சைக் கேட்டு நகர்ந்தது எதுவுமில்லை. மேசை விசிறிகூட அவர் பக்கம் திரும்பும்போதுதான் மக்கர் பண்ணும்.

ஓய்வுக்கு முன்னேற்பாடாக, ஐந்து வருடத்துக்கு முன்பே வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, டிப்போவில் கழித்துப் போட்ட சுவர்க் கடிகாரம். அங்கே உட்கார்ந்து ஊரில் ஓடும் அத்தனை பஸ்ஸுக்கும் புதிதாகக் கால அட்டவணை எழுதுவதாகத் திட்டம். யாரும் கேட்கவில்லை. கேட்டு எழுதினால் அது வேலை, கேட்காமல் எழுதினால் சேவை என்பது அவர் கட்சி.

கூரை போட்ட மறுவாரம் அதில் பதினொரு கோழிகள் குடியேறின.

"இது என்ன?"

"கோழி," என்றாள் மனைவி.

"கோழின்னு தெரியுது. என் ஷெட்ல என்ன பண்ணுது?"

"முட்டை போடுது. நீங்க உக்காந்து என்ன போடப்போறீங்க?"

"டைம்டேபிள் போடப்போறேன்."

"அதைப் பொரிச்சுத் திங்க முடியுமா?"

நீங்கள் ரிட்டயர் ஆகும் வரைக்கும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். அவர் ஓய்வு பெற்றார். கோழிகள் பெறவில்லை. கழுத்தில் இறகே இல்லாத ஒரு சிவப்புக் கோழி அவரைக் கண்டால் மட்டும் ஓடி வந்து கால் கட்டைவிரலைக் கொத்தும். மற்ற பத்தும் நின்று வேடிக்கை பார்க்கும். ஒரு காலத்தில் டிரைவர்களெல்லாம் பயந்த கால் அது.

இந்த நிலையில்தான் கதவிடுக்கில் ஒரு தேர்தல் நோட்டீஸ் வந்து விழுந்தது.

வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கான்ட்ராக்டர். இடித்த கட்டிட மண்ணைக் கொட்டிக் கொட்டி ஊர் ஏரியில் மூன்றில் ஒரு பங்கை மூடி, அதன்மேல் கடை கட்டியவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். மிச்சமிருக்கிற ஏரியையாவது காப்பாற்றுவோம் என்று போன முறையும் நின்று தோற்றவர். ஊர் அவருக்கு ஏரி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டுக் கான்ட்ராக்டருக்கு ஓட்டுப் போட்டது. டிப்போ ஆட்கள் இருநூறு பேரும் "யாருக்கு சார்?" என்று டைம்கீப்பரைத்தான் கேட்பார்கள். அவர் கான்ட்ராக்டர் என்பார். ஷெட்டின் கூரைத் தகரம் கான்ட்ராக்டர் லாரியில் வந்து இறங்கியது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்த மனசாட்சி அதிகம் பேசாது.

ஏரி டீச்சரின் நோட்டீஸைக் கிழித்துப் போடத்தான் எடுத்தார். நாலாவது வாக்குறுதி கண்ணில் பட்டது. 'ஏரிக் கால்வாயிலிருந்து நூறடிக்குள் ஆடு, மாடு, கோழிக் கொட்டகை எதுவும் இருக்கக் கூடாது. பதவியேற்ற முதல் மாதமே அமலுக்கு வரும்.'

கால்வாய் அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஷெட் வரைக்கும் காலடி வைத்து அளந்து பார்த்தார். முப்பத்திரண்டு அடி. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரே நிமிடத்தில், டைம்கீப்பர் இயற்கை ஆர்வலர் ஆனார்.

சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை டீச்சருக்குத்தான் போடணும்."

"என்ன திடீர்னு?"

"படைப்புன்னு ஒண்ணு இருக்கு பாரு. வானம், பூமி, தண்ணி. ஆண்டவர் நம்மள நம்பித்தானே விட்டுட்டுப் போனாரு?"

"ஆமா."

"நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்?"

"நீங்க கான்ட்ராக்டருக்கு ஓட்டுப் போட்டு வச்சிருக்கீங்க."

"ஏன், மனுஷன் மனந்திரும்பக் கூடாதா?"

"தாராளமா. ஆண்டவருக்கும் ரொம்ப நாளா வேற வேலை இல்ல." தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. வேறு யாராவது கேட்டிருந்தால் பயந்து எழுந்திருப்பார்கள். இவர் இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.

"வீட்டுக்குள்ள சொல்லி என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை சபையில சாட்சியா சொல்லுங்க. டிப்போக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க. பொம்பளைங்கள நான் பாத்துக்கறேன்," என்றாள். சபையில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அவள் பார்த்துக்கொள்கிறேன் என்றால் போதகரே பதில் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தார். முப்பத்து மூன்று வருடம் 'நாலாம் நம்பர் பஸ் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்' என்று மைக்கில் முழங்கிய குரல். ஏரியைப் பற்றிச் சொன்னார். மீன்களைப் பற்றிச் சொன்னார். ஏரிப் பக்கமே போகாதவர், செத்த மீன்களுக்காகக் கண்கலங்கினார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சூடு தலைக்கேறி, "புதுச் சட்டம் வந்தா மொதல்ல கீழ்ப்படியுறது எங்க வீடாத்தான் இருக்கும். எவ்வளவு இழப்பு வந்தாலும் சரி!" என்று பிரதிக்கினையும் செய்துவிட்டார்.

"ஆமென்!" என்று முதலில் கத்தியது அவர் மனைவி.

பாவம், தன் கோழிக்குத் தானே ஆமென் சொல்கிறாளே என்று அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. இரக்கத்தை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. பைக்கில் சாவியைப் போட்டால், "சாட்சி சொன்னவரு புகை விட்டுக்கிட்டுப் போனா சபை என்ன நினைக்கும்?" என்பாள். நடந்தார். டிப்போ குடியிருப்பில் மூன்று மாடிக் கட்டிடங்கள் ஒன்பது. ஒவ்வொரு படியும் ஏறினார். "சார், நீங்களா டீச்சருக்குக் கேக்கறீங்க?" என்று ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். முட்டி வலித்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கோழியை மனதுக்குள் வழியனுப்பினார்.

நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் டீச்சர் ஜெயித்தார். அத்தனையும் டிப்போ ஓட்டு என்று ஊரே சொன்னது. கான்ட்ராக்டர் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் மாதமே அளவு டேப்போடு ஊழியர் ஒருவர் வந்தார். கூடவே டீச்சரும் வந்தார். காலையிலிருந்தே தெருமுனையில் காத்திருந்த டைம்கீப்பர் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அழைப்பதுபோல் இருவரையும் பக்கச் சந்து வழியாகப் பின்னால் அழைத்துப் போனார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"என் சம்சாரம் ரொம்ப ஆசையா வளக்குறா டீச்சர். என்ன செய்யறது, சட்டம் சட்டம்தானே?" என்று ஷெட் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு கோழி இல்லை. தரை கழுவி விட்டிருந்தது. மேசை இருந்தது, நாற்காலி இருந்தது. சுவரில் கடிகாரம் சரியான மணியைக் காட்டியது.

"அம்மா சொன்னா சொன்னபடி செஞ்சுட்டாங்க," என்றார் டீச்சர். "நாலாவது வாக்குறுதியே அவங்க யோசனைதான் சார். நான் அம்பது அடின்னுதான் எழுதியிருந்தேன். கோழி எச்சம் மழையில ரொம்ப தூரம் வரும், நூறாப் போடுங்கன்னு அவங்கதான் சொன்னாங்க."

டைம்கீப்பருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊழியர் டேப்பை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். ரயில் பெட்டிபோல் நீளமான வீடு. சமையலறை, ஐம்பத்தைந்து அடி. மனைவியின் அறை, எழுபது. கூடம், எண்பத்தெட்டு. கடைசியில் தெருவைப் பார்த்த முன்னறை. டைம்கீப்பரின் கட்டில் இருக்கிற அறை. அங்கிருந்து கொக்கொக்கென்று சத்தம் வந்தது.

"நூத்தி நாலு அடி," என்றார் ஊழியர். "சட்டப்படி சரியா இருக்கு."

தரை முழுக்க மரத்தூள் பரப்பியிருந்தது. அவர் நாற்காலி முதுகில் மூன்று கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டீச்சர் அவர் கையைப் பிடித்து, உங்களை மாதிரி இழப்பைப் பார்க்காதவர்கள் வார்டுக்கு இன்னும் நாலு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊழியரோடு கிளம்பினார்.

மனைவி கதவோரம் கையில் தீவனக் கிண்ணத்தோடு நின்றாள்.

"எல்லாம் உன் வேலையா?"

"ஆமா."

"என்னைக் கோமாளி ஆக்கிட்டியே! ஏரியக் காப்பாத்தணும்னா நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே."

"எப்போ?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவருக்கு உண்மையாகவே ஞாபகமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது.

"போன தேர்தலுக்கு முந்தின நாள். நம்ம பேத்திக்கு உடம்பெல்லாம் சிரங்கு. நம்ம கிணத்துத் தண்ணிதான்னு டாக்டர் சொன்னாரு. ஏரிக் கழிவு ஊறி வருதுன்னாரு. இனிமே புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டுக்கு வர மாட்டேன்னு உங்க பொண்ணு அழுதுட்டுப் போனா. நான் உங்ககிட்ட அழுது கேட்டேன். ஏரிய மூடுறவருக்குப் போடாதீங்கன்னு. சரின்னு சொல்லிட்டுப் போனீங்க. மறுநாள் சாயந்திரம் லாரியில தகரம் வந்துச்சு."

டைம்கீப்பர் பின்பக்கம் ஷெட் இருந்த திசையைப் பார்த்தார்.

"அஞ்சு வருஷமா ஜெபம் பண்ணிப் பாத்தேன். உங்க மனசு எதுக்குத்தான் அசையும்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பேத்திக்கு அசையல. கோழிக்கு அசைஞ்சுது." அவள் குரல் உயரவில்லை. "ஒன்பது கட்டிடம் ஏறுனீங்க. அதுல ஒரு படி, ஒரே ஒரு படி, அந்தப் புள்ளைக்காக ஏறியிருந்தீங்கன்னா இந்த ரூம் உங்களுக்கே இருந்திருக்கும்."

வலித்தது. முட்டியில் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்களின் தாமதத்தை மட்டுமே குறித்துப் பழகியவருக்கு அந்த வார்த்தை உடனே வாயில் வரவில்லை.

"பொண்ணு வருவாளா?" என்று மட்டும் கேட்டார்.

"தண்ணி சரியானா வருவா. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு டீச்சர் சொல்றாங்க." கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "நீங்க ஆசைப்பட்ட ஷெட்டு இனிமே உங்களுக்கேதான். கழுவி வச்சிருக்கேன். போய் இருங்க."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மிச்சமிருந்த மரியாதையோடு போய்விடலாம் என்று தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தார்.

போர்வைக்கு நடுவிலிருந்து கழுத்தில் இறகில்லாத அந்தச் சிவப்புக் கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"கட்டில விட்டுட்டுப் போங்க," என்றாள் மனைவி. "அடைக்கு உக்காந்திருக்கு. இருபத்தோரு நாள் அசைக்கக் கூடாது."