மேசான் சிதைவும் என் கல்யாணமும்

"என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. காப்பி வரும்வரை பேச ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். இது எனக்கு இருபத்தாறு வயதில் தெரிந்திருக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பெண் பார்க்க என் தாய்மாமா என்னைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்தே புறப்பட்டு, வளப்பூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்) பெண் வீட்டை அடைந்தபோது என் வேட்டியில் வெள்ளை குறைவாகவே மிச்சமிருந்தது.

கூடத்தின் ஒரு மூலையில் பெண்ணின் அப்பா. எதிர்மூலையில் அவருடைய தம்பி. நடுவில் நாங்கள்.

"ஏனுங்க, மெட்ராஸ்ல என்னமோ ஆராய்ச்சிங்கறாங்களே, என்னதுங்க அது?" என்றார் அப்பா.

சொன்னேன். மேசான் என்றொரு நுண்துகள். அதை உடைப்பது பலவீனமான விசை. ஆனால் உடைந்து வெளியே வரும் துண்டுகளுக்கு இடையே இருப்பதோ பலமான விசை. விலகிப் போவதற்குள் அவை ஒன்றையொன்று இழுத்துத் தள்ளிவிடும். நம் கருவியில் பதிவாவது அதற்குப் பிறகுதான். அந்தக் களேபரத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்தால்தான் உடைந்தபோது நடந்தது தெரியும். கழிப்பது என் வேலை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். (உதாரணம் சொல்கிற வியாதி எனக்கு அப்போதே முற்றியிருந்தது.)

"ஒரு ஊட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேருன்னு வெச்சுக்குங்க. ஊடு ஒடையறது சாதாரணமா ஒரு வாய்ப்பேச்சுலதானுங்க. ஆனா வெளிய போறப்ப வாசல்ல கட்டிப் புரளுவாங்க பாருங்க, அதுதானுங்க பெருசு. தெருவுல நின்னு பாக்கறவனுக்கு ஊடு எதுக்கு ஒடைஞ்சுதுன்னே தெரியாது."

மாமா என் தொடையைக் கிள்ளினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

எனக்குப் பிறகுதான் தெரிந்தது: அதற்கு முந்தின வருடம் பெண்ணின் அப்பாவும் அவர் தம்பியும் ஒரு பலாமரத்துக்காகப் பாகம் பிரித்து, அதே வாசலில் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பெண்ணுக்காக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி எழுந்தார். "மெட்ராஸ் வரைக்கும் சொல்லி அனுப்பிச்சிருக்கறயா?"

"நானா? சந்தையில சொல்லிட்டுத் திரியறது நீ."

பேச்சு வாசல்வரை போனது. அங்கே ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சமாதானம் செய்ய நானும் ஓடினேன்.

"கொஞ்சம் தள்ளிப் போயிட்டீங்கன்னா சரியாயிருமுங்க. கிட்ட இருக்கறவரைக்கும்தான் அந்த விசை."

இருவரும் துண்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "இவனுக்குப் பொண்ணு கெடையாது," என்றார் அண்ணன். "கெடையவே கெடையாது," என்றார் தம்பி.

மலை இறங்கி முடிக்கும்வரை மாமா எனக்கு இருபதடி முன்னாலேயே நடந்தார்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. அவர் சொல்லி அனுப்பியது இது: "எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு பேரு இதுல மட்டும் ஒத்துப்போறாங்கன்னா, அதுல என்னமோ தப்பு இருக்குது. பையன் நல்லவனாத்தான் இருக்கோணும்." அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

பிற்பாடு எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. மாமனார் என்னை எல்லோரிடமும் பெருமையாக அறிமுகப்படுத்துவார்: "எங்க மாப்பிள்ளைங்க. பங்காளிச் சண்டையில டாக்டருக்குப் படிச்சிருக்காருங்க." இப்போது என் பேத்தியும் தன் தோழிகளிடம் அப்படித்தான் சொல்கிறாள். திருத்தலாம். ஆனால் அதற்கு இன்னொரு உதாரணம் சொல்ல வேண்டியிருக்கும்.